எழுபதாம் தென் அட்சரேகை

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தின் அடிவிளிம்பை மாணவர்கள் பெரும்பாலும் நோக்குவதில்லை. படத்தைச் சுருட்டும் மரச்சட்டம் அங்கேதான் இருக்கும். தூசியும் அங்கேதான் சேரும். அச்சட்டத்திற்குச் சற்று மேலே, வெண்ணிறமாகத் தீட்டப்பட்ட நிலப்பரப்பின் ஓரமாக ஒரு கோடு ஓடுகிறது. தெற்கு 70 பாகை அட்சரேகை என்பது அதன் பெயர். அக்கோட்டின்மேல் நகரம் இல்லை, சந்தை இல்லை, அங்கே பிறந்து வளர்ந்த குடிகள் என்று எவரும் இல்லை. ஆயினும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைக் குறித்தே இன்று பேச எண்ணுகிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். புதுக்கோட்டை மாவட்டத்தில், பாக்கு நீரிணையின் கரையில், கோட்டைப்பட்டினத்தை அடுத்து இருப்பது ஜெகதாப்பட்டினம். இவ்விரு துறைகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான விசைப்படகுகள் கடலுக்குச் செல்கின்றன. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழப் பத்துப் பாகையில் அமைந்த ஊர் அது. அங்கிருந்து ஒருவன் அம்பு விட்டாற்போல நேர் தெற்கே செல்வதாக வைத்துக்கொள்வோம். பாம்பனையும் அதனை ஒட்டிய சிறு தீவுகளையும் கடந்துவிட்டால் மன்னார் வளைகுடா; அப்பால் இந்துமாக்கடல்; அதற்கும் அப்பால் மீண்டும் கடலே. அண்டார்க்டிகாவின் பனிக்கரை வரையில் ஒரு தீவுகூடக் குறுக்கிடாது. எழுபதாம் தென் ரேகையை அடைய அவன் எண்பது பாகை, அதாவது ஏறத்தாழ 8,900 கிலோமீட்டர், செல்லவேண்டும்.

அட்சரேகைகள் யாவும் வட்டங்கள். ஆனால் எல்லா வட்டங்களும் ஓரளவினவல்ல. பம்பரத்தின் மேல் வரைந்த வண்ண வளையங்கள் ஆணியை நோக்கி இறங்க இறங்கச் சிறுத்துப்போவதை நாம் அறிவோம். பூமிப் பம்பரத்தின் நிலையும் அதுவே. ஜெகதாப்பட்டினத்தின் வழியே பூமியைச் சுற்றிவரும் வட்டத்தின் நீளம் ஏறத்தாழ 39,500 கிலோமீட்டர். எழுபதாம் தென் ரேகையின் நீளமோ 13,750 கிலோமீட்டர் அளவே. அவ்விடத்தில் கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் கதிரவன் மறைவதில்லை. குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் எழுவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். கண்ணுக்குத் தெரியாத இக்கோடுகளை நடுக்கடலில் மனிதன் எவ்வாறு கண்டுகொண்டான்? நம் முன்னோர் இதற்கு எளியதொரு கருவி வைத்திருந்தனர். சோழமண்டலக் கரையின் மாலுமிகள் அதனை இராப்பலகை என்றனர். அராபியர் கமால் என்றனர். சிறு மரப்பலகை ஒன்று, அதன் நடுவில் முடிச்சுகள் இட்ட கயிறு ஒன்று, அவ்வளவே. கயிற்றைப் பல்லில் கடித்துப் பிடித்து, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு துருவ விண்மீனையும் தொடும்படி முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். எந்த முடிச்சில் அது பொருந்துகிறதோ அதனைக் கொண்டு தாம் இருக்கும் அட்சத்தை அறிவார்கள். பட்டறையில் செய்த கருவியன்று. ஒரு தச்சன் அரை நாழிகையில் செய்து தரக்கூடியது. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே சென்றால் துருவ விண்மீன் கடலுக்குள் மறைந்துவிடும். இராப்பலகை வெறும் பலகையாகிவிடும். தென்கடலில் நண்பகற் கதிரவனின் உயரத்தை அளந்தே அட்சம் காணவேண்டும்.

அவ்வாறு அளந்துகொண்டே சென்றவர் ஆங்கிலக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக். நாற்பதாம் பாகைக்குத் தெற்கே காற்றைத் தடுக்கும் நிலம் மிகக் குறைவு. ஆகவே மாலுமிகள் அக்கடல்களை முழங்கும் நாற்பதுகள், சீறும் ஐம்பதுகள், அலறும் அறுபதுகள் என்று பாகையாலேயே பெயரிட்டு அழைத்தனர். அவற்றைக் கடந்து, 1773ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள், தென் துருவ வட்டத்தைத் தாண்டினார் குக். வரலாற்றில் அதனைத் தாண்டியதாக நாம் அறியும் முதற் குழு அவருடையதே. மறு ஆண்டு, 1774 ஜனவரி 30ஆம் நாள், அவருடைய ‘ரெசல்யூஷன்’ கப்பல் எழுபதாம் ரேகையையும் கடந்து 71 பாகை 10 கலையில் நின்றது. ஒரு பாகையை அறுபது கூறாக்கினால் ஒரு கூறுக்குக் கலை என்று பெயர். அதற்குமேல் செல்ல இயலவில்லை. எதிரே பனி மதில் போல் கிடந்தது. அவர் திரும்பினார். நிலத்தைக் காணவில்லை.

1820 ஜனவரியில் ரஷ்யக் கப்பல் தலைவர் பெல்லிங்ஸ்ஹவுசன் மற்றொரு பக்கத்திலிருந்து வந்தார். 69 பாகை 21 கலையில், அதாவது எழுபதை எட்ட ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில், கடலோரப் பனித்தட்டைக் கண்டார். அண்டார்க்டிகாவை முதலில் கண்டவர் அவரே என்பது பலர் கொள்கை. அதன்பின் வெட்டல் வந்தார். ஜேம்ஸ் ராஸ் வந்தார். 1911 டிசம்பரில் நார்வேயின் அமுன்சன் தென் துருவத்தையே அடைந்தார். ஒரு திங்கள் கழித்து ஸ்காட் அடைந்து, திரும்பும் வழியில் மாண்டார். இக்கதைகளை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். வீரக் கதைகள்தாம், ஐயமில்லை. ஆனால் வீரர் சென்ற வழியிலே வணிகரும் சென்றனர் என்பதைப் பாடநூல்கள் அத்துணை விரிவாகச் சொல்வதில்லை.

வணிகம் திமிங்கில எண்ணெய் வணிகம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நார்வே நாட்டுத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் தென்கடல் முழுதும் திரிந்தன. ஜெகதாப்பட்டினத்திலிருந்து நேர் தெற்கே சென்றவன் எக்கரையில் கால் வைப்பான் என்றேனோ, அக்கரைக்கு இன்றுள்ள பெயர் இங்கிரிட் கிறிஸ்டென்சன் கரை. திமிங்கில வணிகர் ஒருவரின் மனைவி பெயர் அது. எண்ணெய் இருக்கும் இடத்தில் உரிமைப் பேச்சும் எழும் அன்றோ? 1908இல் பிரிட்டன் தொடங்கிவைத்தது. நியூசிலாந்து, பிரான்சு, ஆஸ்திரேலியா, நார்வே, சிலி, அர்ஜென்டினா ஆகிய நாடுகள் தொடர்ந்தன. துருவத்தை நடுப்புள்ளியாக வைத்து, பூசணிக்காயைக் கீற்றுக் கீற்றாக அரிவதைப்போல அக்கண்டத்தை அரிந்தனர். பிரிட்டன், சிலி, அர்ஜென்டினா ஆகிய மூன்றின் கீற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. 1952 பிப்ரவரியில் ஹோப் விரிகுடாவில் கரையிறங்க வந்த பிரிட்டிஷ் குழுவினரின் தலைக்கு மேலே அர்ஜென்டினியர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு எச்சரித்தனர். எவரும் குடியிராத ஒரு கண்டத்தில், எவரும் காணாத ஒரு கோட்டிற்காகக் குண்டு பறந்தது.

நிற்க. இச்சமயத்தில் இந்தியா என்ன செய்துகொண்டிருந்தது? நம்மிடம் பனிக்கடலில் செல்லும் கப்பல் ஒன்றும் இல்லை. அங்கே சென்ற ஆய்வுக்குழுவும் இல்லை. ஆயினும் 1956 பிப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபையில் நம் தூதர் ஆர்தர் லால், அண்டார்க்டிகா பற்றிய பிரச்சினையைப் பொதுச்சபை விவாதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்நிலம் அமைதிக்கே பயன்படவேண்டும். உலக வானிலையோடு தொடர்புடைய அதனை நாடுகளின் பூசலுக்கும் அணுகுண்டுச் சோதனைக்கும் களமாக்கலாகாது என்பது நம் கருத்து. சிலியும் அர்ஜென்டினாவும் கடுமையாக எதிர்த்தன. கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. 1958இல் மீண்டும் எழுப்பினோம். மீண்டும் திரும்பப் பெற்றோம். கேலி செய்தவரும் இருந்திருப்பர். பருவமழையை நம்பி வாழும் ஒரு நாடு தென்கடலைப் பற்றிக் கவலை கொள்வதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை உலகப் பூபௌதிக ஆண்டு கொண்டாடப்பட்டது. பன்னிரண்டு நாடுகள் அண்டார்க்டிகாவில் நிலையங்கள் அமைத்து ஒன்றுகூடி ஆராய்ந்தன. அந்த ஒற்றுமையை நிலைநிறுத்த எண்ணி அமெரிக்கா அழைப்பு விடுத்தது. 1959 டிசம்பர் முதல் நாள் வாஷிங்டனில் அப்பன்னிரு நாடுகளும் அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 1961 ஜூன் 23ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. முதலில் குரல் எழுப்பிய இந்தியாவுக்கு அக்கூட்டத்தில் இருக்கை இல்லை.

ஆயினும் ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தமே. அதன் நான்காம் விதியை மாணவர்கள் கூர்ந்து கற்கவேண்டும். எழுவர் கொண்டாடிய உரிமையை அது ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. பழைய வழக்கு அப்படியே கிடக்கட்டும். ஒப்பந்தம் நடக்கும் வரையில் எவரும் புதிய உரிமை கொண்டாடலாகாது. இருப்பதைப் பெருக்கவும் ஆகாது என்று கூறிவிட்டது. படைத்தளம் கூடாது, அணுகுண்டு வெடித்தல் கூடாது. எந்நிலையத்தையும் எவரும் சென்று பார்வையிடலாம். இவ்விதிகள் எங்கே தொடங்குகின்றன? தெற்கு 60 பாகை அட்சரேகையில். அக்கோட்டைப் பற்றிய வியப்பு யாதெனில், உலகைச் சுற்றிவரும்போது அது எங்கும் நிலத்தைத் தொடுவதில்லை. முழுவதும் நீரின்மேல் வரைந்த கோடு.

நீரின்மேல் வரைந்த கோடு என்றதும் ஜெகதாப்பட்டினத்தார்க்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1974ஆம் ஆண்டு ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையில் எல்லை வகுத்துக்கொண்டன. ஆறு புள்ளிகளை அட்சமும் தீர்க்கமும் கூறிக் குறித்து, அவற்றைக் கோட்டால் இணைத்தனர். கச்சத்தீவு இலங்கையின் பக்கம் சென்றது. ஆறனுள் இரண்டாம் புள்ளி வடக்கு 9 பாகை 57 கலையில், ஏறத்தாழ ஜெகதாப்பட்டினத்திற்கு நேர் கிழக்கே கடலில் இருக்கிறது. விசைப்படகில் சில மணி நேரத்தில் அடையும் தொலைவு. அதைத் தாண்டியவர்கள் சிறைப்பட்டிருக்கிறார்கள், படகுகள் பறிபோயிருக்கின்றன, உயிர்களும் போயிருக்கின்றன. அத்துறையில் ஒருமுறை முதிய படகோட்டி ஒருவர், செயற்கைக்கோளின் துணையால் இடம் காட்டும் கருவியின் சிறு திரையில் அவ்வெல்லையை எனக்குக் காட்டினார். “தண்ணியில எங்கய்யா கோடு இருக்கு? இந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு” என்றார். அட்சரேகை என்பது யாது என்ற வினாவுக்கு இதனினும் சுருங்கிய விடையை நான் எந்நூலிலும் படித்ததில்லை.

ஒன்றை மட்டும் மறைக்கலாகாது. எதிர்க்கரையில் வலை வீசுபவரும் தமிழ் பேசும் மீனவரே. நம் கரையின் இழுவை வலைகள் கடலின் அடித்தரையை வாரிச் செல்வதாலும், தம் வலைகளை அறுத்துச் செல்வதாலும் அவர் பிழைப்புக் கெடுகிறது என்பது அவரது முறையீடு. அதிலும் நியாயம் உண்டு. எல்லை வகுத்த ஒப்பந்தம் கடலை இரண்டாக்கிற்று. மீனை எவ்வாறு காப்பது, இருவரும் எவ்வளவு பிடிப்பது என்பதற்கு அது ஏற்பாடு செய்யவில்லை.

இனித் தெற்கே திரும்புவோம். 1981 டிசம்பர் 6ஆம் நாள் கோவாவின் மர்மகோவாத் துறையிலிருந்து ஒரு கப்பல் ஆரவாரம் ஏதுமின்றிப் புறப்பட்டது. நார்வேயிடம் வாடகைக்குப் பெற்ற அக்கப்பலின் பெயர் ‘போலார் சர்க்கிள்’. துருவ வட்டம் என்று பொருள். அட்சரேகையின் பெயரைத் தாங்கிய கப்பல் அட்சரேகையைத் தேடிச் சென்றது என்று கூறலாம். கடலாய்வு அறிஞர் சையத் ஜஹூர் காசிம் தலைமையில் 21 பேர் அதில் இருந்தனர். 1982 ஜனவரி 9ஆம் நாள் அவர்கள் அண்டார்க்டிகாவில் கால் வைத்தனர். இந்தியர் சிலர் அதற்கு முன்பே பிற நாட்டுக் குழுக்களோடு அங்கே சென்றதுண்டு. நம் நாட்டுக் குழுவாகச் சென்றது அதுவே முதன்முறை.

1983 ஆகஸ்டு 19இல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. செப்டம்பர் 12இல் வாக்குரிமையுள்ள ஆலோசனை உறுப்பு நாடாயிற்று. கால் நூற்றாண்டுக்கு முன் கிடைக்காத இருக்கை இப்போது கிடைத்தது. அடுத்த கோடையில், ஹர்ஷ் குப்தா தலைமையில் சென்ற மூன்றாம் குழு ‘தட்சிண கங்கோத்ரி’ நிலையத்தைக் கட்டிற்று. சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்னும் இரு பெண் அறிஞர்கள் அக்குழுவில் சென்றனர் என்பதை மாணவியர் குறித்துக்கொள்ளலாம். நிலையம் அமைந்த இடம் தெற்கு 70 பாகை 5 கலை. எழுபதாம் ரேகைக்கு அப்பால் ஒன்பது கிலோமீட்டர் அளவே. நமது முதல் வீடு ஏறத்தாழ அக்கோட்டின்மேலேயே எழுந்தது. பன்னிருவர் முதன்முதலாக அங்கே குளிர்காலத்தைக் கழித்தனர்.

ஆனால் அது பாறையின்மேல் கட்டிய வீடன்று. கடலின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பனித்தட்டின்மேல் கட்டியது. ஆண்டுதோறும் பனி அதன்மேல் குவிந்தது. கூரை மட்டத்திற்கு ஏறிற்று, கூரையையும் மூடிற்று. 1990இல் அதனைக் கைவிடவேண்டியதாயிற்று. அதற்கு முன்னரே, 1989இல், ‘மைத்ரி’ என்னும் இரண்டாம் நிலையம் 70 பாகை 46 கலையில், ஷிர்மாக்கர் என்னும் பனியற்ற பாறைப்பரப்பில் எழுந்துவிட்டது. 1939இல் வானூர்தியிலிருந்து அப்பாறைகளைக் கண்ட ஜெர்மானிய விமானியின் பெயர் அது. சில கிலோமீட்டர் தொலைவில் ரஷ்யரின் நிலையம். மைத்ரி என்றால் நட்பு, வெற்றுப்பெயரன்று. மூன்றாம் நிலையம் ‘பாரதி’, 2012இல் 69 பாகை 24 கலையில் திறக்கப்பட்டது. சரக்குக் கப்பலில் ஏற்றும் இரும்புப் பெட்டிகள் 134ஐ இணைத்துக் கட்டியது அது. ஆக, நம் நிலையங்கள் மூன்றும் எழுபதாம் ரேகைக்கு ஒரு பாகைக்குள்ளேயே அமைந்தவை.

பாரதி நிலையத்தைச் சுற்றியுள்ள கரை நமக்குப் புதிய நிலமும் அன்று. ஏறத்தாழப் பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வரை இந்தியாவின் கிழக்குக் கரையும் அண்டார்க்டிகாவின் கரையும் ஒட்டிக் கிடந்தன என்பர் நிலநூலார். அப்பெருங்கண்டத்திற்குக் கோண்டுவானா என்று நம் நாட்டுக் கோண்டு மக்களின் நிலத்தைக் கொண்டே பெயரிட்டனர். சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் கிடைக்கும் கருநிறக் கல்லுக்குச் சார்னோக்கைட் என்று பெயர். அதே இனத்துக் கல் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் பாறைகளாக நிற்கிறது. பிரிந்துபோன உடன்பிறப்பின் வீட்டில் அதே அடுப்புக்கல் இருப்பதைக் கண்டாற்போல என்று சொல்லலாம்.

இப்போது பூசணிக்கீற்றுகளை மீண்டும் நினைவுகூர்க. தட்சிண கங்கோத்ரியும் மைத்ரியும் நார்வே உரிமை கொண்டாடும் பகுதியில் உள்ளன. பாரதி ஆஸ்திரேலியா உரிமை கொண்டாடும் பகுதியில் உள்ளது. நாம் அங்கே சென்றபோது எவரும் கப்பலைப் பறிக்கவில்லை, எவரும் சிறைப்படவில்லை. அவர்கள் தம் உரிமையை விட்டுக்கொடுத்து விட்டார்களா? இல்லை. வழக்கு அப்படியே கிடக்கிறது; வேலை நடக்கிறது. மீனும் மறக்கப்படவில்லை. 1980இல் கையெழுத்தாகி 1982இல் நடைமுறைக்கு வந்த மற்றோர் ஒப்பந்தம், கிரில் என்னும் இறால் போன்ற சிற்றுயிரை மனிதன் பிடிக்கும்போது, அதனைத் தின்று வாழும் திமிங்கிலத்திற்கும் பென்குயினுக்கும் மிச்சம் வைக்கவேண்டும் என்று கணக்கிட்டுப் பிடிப்பளவை வகுக்கிறது. 1991இல் மாட்ரிட் நகரில் செய்த உடன்பாடு கனிமம் தோண்டுவதைத் தடுத்தது. 1998 முதல் அது நடைமுறையில் உள்ளது.

அங்கே பசித்த குடும்பங்கள் இல்லை, ஆகவே பெருந்தன்மை எளிது என்று ஒருவர் கூறலாம். அக்கூற்றை நான் தள்ளிவிட மாட்டேன். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் உலைநீர் கொதிக்கக் காத்திருப்பவர் உண்டு. ஆயினும் 1952இல் துப்பாக்கி வெடித்ததும் அக்கடலோரத்தில்தான். ஏழே ஆண்டுகளில், சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே தாளில் கையெழுத்திட்டனர். உரிமை யாருடையது என்னும் வினாவைத் தீர்த்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பேசுவோம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

பாரதி நிலையம் கிழக்கே 76 பாகை 11 கலைத் தீர்க்கரேகையில் உள்ளது. அதே தீர்க்கத்தில் வடக்கே வந்தால் கொச்சி நகரை அடையலாம். அண்டார்க்டிகா ஒப்பந்த நாடுகளின் நாற்பத்தாறாம் ஆலோசனைக் கூட்டம் அந்நகரில்தான் 2024 மே 20 முதல் 30 வரை கூடிற்று. நம் கிழக்குக் கரையில் அது மீன்பிடித் தடைக்காலம். ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகள் கரையோரம் வரிசையாகக் கட்டிக் கிடந்தன; வலைகள் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன.